அமில பாட்டிலில் இருந்த தேதி

போன மாதம் என் சித்தி மகள் மூன்று அழைப்பிதழ்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மூன்றும் ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்குகள். ஒன்று ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று, இன்னொன்று புள்ளியியல் மென்பொருள், மூன்றாவது ‘ஆய்வாளர்களுக்கான பணித்திறன் மேம்பாடு’. மூன்றுக்கும் கட்டணம் உண்டு, சான்றிதழும் உண்டு. கீழே ஒரே வரி: “அக்கா, எதுக்குப் போகட்டும்? மூணுக்கும் போகக் காசு இல்ல.” புதுச்சேரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து அவளுக்கு இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. தலைப்பும் என்னுடையது மாதிரியேதான், நிலத்தடி நீர். ‘சாயங்காலம் பேசறேன்’ என்று பதில் போட்டேன். நாலு நாள் ஆகியும் பேசவில்லை. என்ன சொல்வது என்று உண்மையிலேயே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் ஏறி என் பழைய கோப்பை எடுத்தேன். அதில் 17 சான்றிதழ்கள் இருந்தன. மேற்கோள் மென்பொருள், கட்டுரை எழுதுதல், நேர மேலாண்மை, தலைமைப் பண்பு என்று வரிசையாக. பக்கத்திலேயே நீல அட்டை போட்ட களக் குறிப்பு நோட்டு. 2015 ஜனவரிப் பக்கத்தைத் திருப்பினால் இன்றைக்கும் வயிற்றில் ஏதோ பிசைகிறது. அந்தப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு தேதியைப் பற்றி இதுவரை எங்கள் துறைக்கு வெளியே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் சித்தி மகளுக்குப் பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

36 கிணறுகள்

கடலூர்க் கடலோரத்தில் தேவனாம்பட்டினத்தில் தொடங்கி, கெடிலம் ஆற்றின் கரையோடு மேற்கே போய், திருவதிகையில் முடியும் 36 கிணறுகள். கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, ஆற்றுப் படுகையின் நல்ல தண்ணீர் எங்கே அதைத் தடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாட்டில். வடிகட்டிய நீரில் ஒன்றில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு மூடுவோம், கால்சியம் மாதிரியான உலோகங்கள் கரைசலிலேயே இருப்பதற்காக. மற்றொன்றில் எதுவும் கலக்க மாட்டோம். குளோரைடு, பைகார்பனேட் இரண்டையும் அதிலிருந்துதான் அளக்க வேண்டும்.

2015 ஜனவரி 12, 13 தேதிகளில் இரண்டு நாள் ஆட்டோ பேசி 36 கிணறுகளையும் முடித்தேன். 13ஆம் தேதி இரவு தெர்மோகோல் பெட்டியோடு ஆய்வகத்துக்கு வந்தபோது ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணீராகியிருந்தது. குளிர்பதனப் பெட்டியில் இடமில்லை. மறுநாள் போகி. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு கடைசிப் பேருந்தைப் பிடித்தேன். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஞாயிறு எல்லாம் போய் திங்கட்கிழமைதான் திரும்பினேன். இதை இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு இதில் ஒரு வரிகூட நோட்டில் எழுதவில்லை.

மற்ற அளவீடுகள் ஒவ்வொன்றாக முடிய மே மாதம் ஆகிவிட்டது. சோடியம் அளக்கும் கருவிக்கு வரிசையில் நிற்பதிலேயே இரண்டு மாதம் போனது. எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றி அயனிச் சமநிலை பார்த்தேன். தண்ணீருக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. கரைந்திருக்கும் நேர் அயனிகளின் (கால்சியம், சோடியம் மாதிரி நேர் மின்னூட்டம் உள்ளவை) கூட்டும் எதிர் அயனிகளின் (குளோரைடு, பைகார்பனேட் மாதிரி எதிர் மின்னூட்டம் உள்ளவை) கூட்டும் சமமாக வரவேண்டும். வித்தியாசம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் அளந்தது சரி என்று நம்பலாம். எனக்குப் பாதிக் கிணறுகளில் 12, 15, சிலவற்றில் 18. எல்லாம் ஒரே பக்கம், நேர் அயனி அதிகம். ஜூனில் ஆய்வுக் குழுவின் முன்னால் ஆறு மாத அறிக்கை வைக்க வேண்டும். தாளையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

ஒரு சீனியர், நல்ல மனசுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். “பைகார்பனேட்டை வித்தியாசத்துல இருந்து கணக்குப் பண்ணிப் போட்டுடு. நிறைய பேர் பண்றாங்க.” அப்படிக் கணக்கிட்டு எடுத்துக்கொள்வது தன்னளவில் குற்றமில்லை. கணக்கிட்டது என்று எழுதிவிட்டால் போதும். என் அட்டவணையின் தலைப்பிலோ ‘அளந்தது’ என்று இருந்தது, அதை நான் மாற்றவில்லை. அன்றிரவு ஒரு சூத்திரத்தை முதல் வரிசையில் போட்டு 36ஆவது வரிசை வரை இழுத்தேன். அட்டவணையில் பிழை என்ற பத்தியில் 36 சுழியங்கள் வந்து நின்றன. எந்தக் கிணறும் எந்த ஆய்வகத்திலும் சரியாகச் சுழியம் தராது. இந்தத் துறையில் ஒரு பருவம் வேலை பார்த்த யாரும் அந்தப் பத்தியைப் பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததும் அடுத்து என் மனசில் வந்த யோசனையை இங்கே எழுதியே ஆகவேண்டும்: சரி, ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று விழுக்காடு கூட்டியும் குறைத்தும் விட்டால் இயல்பாக இருக்குமே. கை மவுஸின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. சேமிக்காமல் மூடிவிட்டுப் படுத்தேன்.

சின்னச் சீட்டு

மறுநாள் பழைய கோப்பைத் திறந்து கிணறுகளை மின்கடத்துத்திறன் வரிசையில் அடுக்கினேன். உப்பு குறைந்தது மேலே, கூடியது கீழே. அடுக்கியதும் பிழைகளும் கூடவே வரிசையாக நின்றன. கடலோரத்து உப்புக் கிணறுகளில் பிழை இரண்டு, மூன்று. மேற்கே போகப் போக, நல்ல தண்ணீர்க் கிணறுகளில் பத்துக்கு மேல். தவறு அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால் கை நடுக்கம், கவனக் குறைவு என்று சொல்லலாம். இப்படி ஒழுங்காக நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும். கடலோரத் தண்ணீரில் எதிர் அயனி என்றால் பெரும்பாலும் குளோரைடு. மேற்கேயுள்ள வண்டல் கிணறுகளில் பைகார்பனேட்தான் பெரும் பங்கு. அப்படியானால் என் பைகார்பனேட் அளவுதான் எல்லாக் கிணறுகளிலும் குறைந்திருக்கிறது. எங்கே அது பெரும்பங்கோ அங்கே பிழை பெரிதாகத் தெரிகிறது.

ஏன் குறைந்தது? நிலத்தடி நீரில் கரியமில வாயு கூடுதலாகக் கரைந்திருக்கும். வெளியே எடுத்து, பாட்டிலை வாய்வரை நிரப்பாமல், அறை வெப்பத்தில் வைத்தால் அந்த வாயு மெல்ல வெளியேறும். காரத்தன்மை ஏறும், சுண்ணாம்பு படியும். அம்மா வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். படிந்த அளவுக்குப் பைகார்பனேட் தண்ணீரை விட்டுப் போய்விடும். அமிலம் விட்ட பாட்டிலில் கால்சியம் அப்படியே இருக்கும். ஆகவே நேர் அயனி மிஞ்சும். அதனால்தான் பைகார்பனேட்டைக் கிணற்றடியிலேயே, இல்லாவிட்டால் அன்றைக்கே அளக்க வேண்டும் என்பார்கள்.

நான் அன்றைக்கேதான் அளந்தேன் என்று நம்பினேன். பொய்யாகச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். மழைக்கு முந்தைய சுற்றில் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அப்படித்தான் அளந்திருந்தேன். அந்த இரவின் ஞாபகம் இந்தச் சுற்றின் மேலும் வந்து படிந்திருக்கிறது. நோட்டில் ‘கள நாள் 12, 13-1-15’ என்று இருக்கிறது. கீழே, பைகார்பனேட்டை அளக்கச் சொட்டுச் சொட்டாக விடும் கந்தக அமிலத்தின் செறிவு 0.0197 என்று நான்கு இலக்கம் வரை எழுதியிருக்கிறேன். அளந்த நாள் என்று எதுவும் இல்லை.

அலமாரியில் அந்த அமில பாட்டில் இன்னும் இருந்தது. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு ஒரு பழக்கம். எந்தக் கரைசல் தயாரித்தாலும் சின்னச் சீட்டு ஒட்டி, செறிவையும் தேதியையும் எழுதிவிடுவார். பென்சிலில்தான் எழுதுவார், மை கரைந்துவிடுமாம். சீட்டின் ஒரு மூலை அமிலம் பட்டுப் பழுப்பாகியிருந்தது. அதில் ‘0.0197’ என்று இருந்தது. அதற்கு நேர் கீழே ‘19-1-15’.

என் கணக்கில் இருக்கும் எண்ணும் அதே எண். அந்த அமிலம் 19ஆம் தேதிக்கு முன்னால் உலகத்திலேயே இல்லை. அப்படியென்றால் ஆறேழு நாள் கழித்துத்தான் அளந்திருக்கிறேன். அண்ணனிடம் கேட்டேன். “ஆமாம்மா, பொங்கல் முடிஞ்சு வந்து நீதானே கேட்ட, பழசு தீர்ந்துபோச்சுன்னு” என்றார், பாட்டில் கழுவிக்கொண்டே. பெட்டியிலிருந்து ஒரு மாதிரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள் சுவரில், தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும், மாவு தடவின மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம்.

மூன்று கடிதங்கள்

இனி நெறியாளருக்குச் சொல்ல வேண்டும். நேரில் போய்ச் சொல்ல பயம், மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் ஐந்து இடத்தில். ஐஸ் கரைந்தது, குளிர்பதனப் பெட்டி நிரம்பியிருந்தது, பேருந்து, பண்டிகை எல்லாம் இருந்தன. என்ன நடந்தது என்பது கடைசிப் பத்தியில்தான் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். இரண்டாவது சின்னதாக வந்தது: ‘சில மாதிரிகளைச் சேமித்ததில் தாமதம் ஏற்பட்டதால் சிக்கல் உண்டாகியுள்ளது.’ இதை அனுப்பும் பொத்தான் வரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம்தான் கவனித்தேன், அதில் ஆளே இல்லை. தாமதம் தானாக ஏற்பட்டிருக்கிறது, சிக்கல் தானாக உண்டாகியிருக்கிறது. நல்ல ஆய்வுக்கட்டுரை நடை என்று நான் பழகி வைத்திருந்த நடையே அதுதான்.

மூன்றாவதை ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்: ‘ஜனவரி மாதிரிகளின் பைகார்பனேட்டை நான் ஆறேழு நாள் கழித்து அளந்திருக்கிறேன். அமில பாட்டிலின் தேதியால் இது தெரிந்தது. பைகார்பனேட் அளவு 36 கிணறுகளிலும் பயன்படாது. கள மின்கடத்துத்திறன், குளோரைடு, அமிலமிட்ட பாட்டிலில் அளந்த உலோகங்கள் பயன்படும் என நினைக்கிறேன். அடுத்த ஜனவரியில் மறுபடி எடுக்க அனுமதி வேண்டும்.’ என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, எதுவரை பாதிப்பு, இனி என்ன. ஐந்து வரிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. என் ஆய்வேட்டின் 200 பக்கத்திலும் அந்த ஐந்து வரிக்குப் பட்ட பாட்டை நான் படவில்லை.

அன்றைக்கே பதில் வந்தது: ‘நாளை 10 மணிக்கு ஒரு மாதிரி பாட்டிலோடு வரவும்.’ போனேன். அவர் எதுவும் பேசவில்லை. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீரை வேறொரு குடுவைக்கு மாற்றிவிட்டு, படலத்தின் மேல் நீர்த்த அமிலத்தை இரண்டு துளி விட்டார். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார். மெல்லிய சீறல். “கமிட்டியில இதையே முதல் ஸ்லைடா வைம்மா. அடுக்கிப் பாத்தியே, அந்தப் படத்தையும் வை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஜூன் கூட்டத்தில் அப்படியே வைத்தேன். குழுவில் ஒருவர், மிச்சம் எது தேறும் என்று துருவித் துருவிக் கேட்டார். எது தேறும் என்று எழுதி வைத்திருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. அடுத்த ஜனவரிக்கு அனுமதி கிடைத்தது.

இது இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். 2015 நவம்பர், டிசம்பரில் கடலூருக்கு என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2016 ஜனவரியில் அதே 36 கிணறுகளுக்குப் போனேன். சிலவற்றில் கைப்பிடிச் சுவர் வரை சேறு. ஊரையே மூழ்கடித்த வெள்ளம் இறங்கிய மண்ணில் எடுத்த தண்ணீர் அது. கிணற்றடியிலேயே அளந்தேன், மணியோடு எழுதினேன், சமநிலை எல்லாமே 5க்குள் வந்தது. ஆனால் 2015 ஜனவரியின் தண்ணீர் இனி யாருக்கும் கிடைக்காது. வெள்ளத்துக்கு முந்தைய மழைக்காலம் முடிந்தபோது கெடிலக் கரைக் கிணறுகளின் பைகார்பனேட் என்ன என்று யாராவது கேட்டால், அளந்திருக்க வேண்டிய ஆள் நான், என்னிடம் விடை இல்லை. ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது, கீழே காரணம் இருக்கிறது. பட்டம் கிடைத்தது. இத்தனை வருடம் கழித்தும் மழை பெய்கிற இரவுகளில் அந்த வெற்றுப் பத்தி ஞாபகம் வருகிறது.

மறுசுற்றில் இன்னொன்றும் நடந்தது. திருவந்திபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில், வயதான அம்மா ஒருவர் வாளியை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். “போன வாட்டியும் எடுத்துக்கினு போனியே கண்ணு. சொல்றேன்னு சொன்ன. என்னாதான் இருக்கு இந்தத் தண்ணில?” மாநாடுகளில் நாலு முறை பேசியிருந்தேன். இவருக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் தமிழில் அரைப் பக்கச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தரம் 500, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கிருமி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, காய்ச்சிக் குடியுங்கள். இதை எழுதும்போதும் நெறியாளருக்கு எழுதிய அந்த ஐந்து வரிதான் கைகொடுத்தது. 36 சீட்டையும் நேரில் போய்க் கொடுக்க மூன்று நாள் ஆனது. அந்த அம்மா, எழுதப் படிக்கத் தெரிந்த பேரனைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார்.

அப்படியானால் பயிலரங்கு?

போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்கான தேர்வில் இந்தச் சான்றிதழ்களையும் எடுத்துப் பார்க்கிறார்கள், அவளுக்கும் நாளைக்கு வேலை வேண்டும். என் 17இல் ஒன்று உண்மையாகவே உதவியது. ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் பயிற்சி. அதற்கு என் சொந்தத் தரவோடு போயிருந்தேன், இரண்டாம் நாளே அது என் வேலையாகிவிட்டது. மற்ற பதினாறில் யாரோ ஒருவருடைய தரவை வைத்து யாரோ செய்து காட்டினார்கள். மதியம் சாப்பாடு நன்றாக இருந்தது, குழுப் படம் எடுத்தோம்.

பாடத்திட்டமும் இப்போது மாறியிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் பாடவேலை குறைந்தது 12 கிரெடிட் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருக்கிறது. ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை பற்றி 30 மணி நேரப் பாடமும் கட்டாயமாகிவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பாடம் இல்லை. இருந்திருந்தால் சூத்திரத்தை இழுத்த அந்த இரவில் எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும் என்று நிஜமாகவே நினைக்கிறேன். அதேபோல ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்று 2016 விதிகளில் இருந்த கட்டாயம் 2022 விதிகளில் எடுக்கப்பட்டுவிட்டது. அதை நான் மனதார வரவேற்கிறேன். அவசரத்தில் வெளியிட வேண்டியிருந்தால் அந்த 36 சுழியங்களுக்கு என் கை போயிருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

பிரிட்டனில் வீட்டே என்ற அமைப்பு 2010இல் ஆய்வாளருக்கான திறன் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அறிவு, தன்னை நடத்திக்கொள்ளும் விதம், ஆய்வை ஒழுங்காக நடத்துதல், பிறரிடம் கொண்டு சேர்த்தல் என்று நான்கு பிரிவு, உள்ளே 63 கூறுகள். பிற்பாடு ஒரு நாள் அதை முழுக்கப் படித்தேன். குறை சொல்ல எதுவுமில்லை, கவனமாகச் செய்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கோ ஆய்வக அண்ணனின் பென்சில் சீட்டுதான் கண்முன் நின்றது. நான்காயிரம் ரூபாய் கட்டி எங்கேயோ கற்றுக்கொள்ளப் போனதை அவர் தினமும் என் தலைக்கு நேர் மேலே, அலமாரியில், ஒட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட “அண்ணே, ஏன் தேதி எழுதறீங்க?” என்று நான் கேட்டதில்லை.

ஐந்தாவது நாள் சித்தி மகளுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுழியம் போட்ட இரவையும் விடாமல் சொன்னேன். புள்ளியியலுக்குப் போ, உன் தரவு கையில் வந்த பிறகு போ, மற்ற இரண்டுக்கும் இப்போது வேண்டாம் என்றேன். உன் நோட்டை எனக்குக் காட்டு என்றும் கேட்டேன். நேற்று முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கிணற்று எண், இடம், எவ்வளவு நேரம் இறைத்த பின் எடுத்தது, வெப்பநிலை எல்லாம் அழகான கையெழுத்தில். அளந்த நேரம் என்ற கட்டம் மூன்று கிணறுகளுக்குக் காலி. கூப்பிட்டுக் கேட்டேன்.

“எழுதிட்டேன்க்கா. போட்டோ அனுப்பினப்புறம் பாத்தேன், உடனே ஃபில் பண்ணிட்டேன்.”

“எதைப் பாத்து எழுதின?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஞாபகத்துல இருந்துதான்” என்றாள். அப்புறம் அவளே, “அதை அடிச்சுட்டு, ஞாபகத்துல இருந்து எழுதினதுன்னு பக்கத்துல போட்டுடறேன்க்கா” என்றாள்.